பிறவிக் குற்றவாளியும் பிறவி வீரனும்

சென்ற மாதம் இராஜபாளையத்தில் நம் தோழர்கள் கூட்டிய ஒரு பொதுக்கூட்டத்திற்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது, இரண்டு வாலிபர்கள் ஒரு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். வண்டியின் பெட்ரோல் டாங்கியில் "அப்பாச்சி" என்று எழுதியிருந்தது. இருவர் மணிக்கட்டிலும் ஒரே நிறத்தில் கயிறு கட்டியிருந்தது.

"தம்பி, அப்பாச்சி என்றால் என்ன?" என்று கேட்டோம். "பைக்கு பேரு, ஐயா" என்றான் ஒருவன். "கையில் கட்டியிருப்பது?" என்றோம். "அது எங்க ஆளுக கலரு. நாங்க பாளையக்கார வம்சம், ஐயா, ஆண்ட பரம்பரை" என்றான். அப்போது சற்றுத் தள்ளி நின்று டீ குடித்துக்கொண்டிருந்த மூன்றாவது பையன் ஒருவன், தன் கையை மெதுவாகக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டதைப் பார்த்தோம். அவன் கையில் இருந்தது வேறு கலர்.

வண்டியில் இருப்பது ஒரு பெயர் என்று மட்டும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். கையில் இருப்பது ஒரு பெருமை என்று மட்டும் தெரியும். ஆனால், இரண்டிற்கும் பின்னால் இருக்கின்ற சரித்திரம் ஏறக்குறைய ஒன்றே என்பதும், அந்தச் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டவன் அந்தக் கயிற்றை அவிழ்த்து எறியாமல் இருக்க முடியாது என்பதும் அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே அதை இங்கு சொல்லலாம் என்று முன்வருகின்றோம்.

அமெரிக்கா தேசத்தின் தென்மேற்கு மூலையில், இன்றைக்கு அரிசோனா, நியூ மெக்சிகோ என்று சொல்லப்படும் சீமைகளிலும், மெக்சிகோவின் வடபாகத்திலும், மலையும் பொட்டலுமான பூமியில் வாழ்ந்து வந்த பல கூட்டத்தார்களுக்கு மற்றவர்கள் வைத்த பெயரே அப்பாச்சி என்பது. அவர்கள் தங்களைத் தங்கள் பாஷையில் "மனிதர்கள்" என்று பொருள்படும் சொல்லாலேயே அழைத்துக்கொண்டார்கள். அப்பாச்சி என்பதோ "எதிரி" என்று பொருள்படும் ஓர் அயலார் சொல்லிலிருந்து வந்தது என்பதுதான் ஆராய்ச்சிக்காரர்கள் பெரும்பாலோர் அபிப்பிராயம். மனிதன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவனுக்கு எதிரி என்று பெயர் வைத்துவிட்டால், பிறகு அவனைச் செய்வதற்கெல்லாம் சமாதானம் சொல்ல வேண்டிய அவசியமில்லையல்லவா?

1848-ல் மெக்சிகோ யுத்தத்தில் தோற்று அந்தப் பூமியில் பெரும்பாகத்தை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. மிச்சத்தில் ஒரு துண்டை 1853-ம் வருஷத்து ஒப்பந்தப்படி ஒரு கோடி டாலருக்கு விற்றது. விற்றவனும் வாங்கினவனும் அங்கே குடியிருந்தவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிழக்கேயிருந்து சுரங்கக்காரனும் மாட்டுப்பண்ணைக்காரனும் விவசாயியும் வண்டி வண்டியாய் வந்து இறங்கினார்கள். "இந்தக் கண்டம் முழுவதும் பரவவேண்டுமென்பது நமக்குக் கடவுள் இட்ட விதி" என்கின்ற கருத்தில் 1845-லேயே ஒரு பத்திரிகைக்காரர் எழுதி வைத்துவிட்டார். கடவுளே பட்டா எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு ரிஜிஸ்திரார் ஆபீசில் வில்லங்கம் பார்ப்பவர் யார்?

இதைப் படித்துவிட்டு, "ஐயோ, வெள்ளைக்காரன் அக்கிரமம்!" என்று மூக்கில் விரலை வைப்பவர்கள், நம்முடைய சீமைச் சங்கதியையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். ஆர்க்காட்டு நவாபு வெள்ளைக் கும்பெனிக்குக் கடன்பட்டான். அந்தக் கடனுக்கு ஈடாக, 1792-ம் வருஷத்து உடன்படிக்கையில், பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் வசூலிக்கும் அதிகாரம் கும்பெனியின் கைக்குப் போயிற்று. 1801-ம் வருஷம் ஜூலை மாதம் 31-ந் தேதி கர்நாடகம் முழுவதுமே போயிற்று. சேத்தூரில் உழுதவனையும் சிவகிரியில் காவல் காத்தவனையும் யாரும் கேட்கவில்லை. கடன் வாங்கினவன் ஒருவன், கொடுத்தவன் ஒருவன், ஜப்தியானது மூன்றாமவன் வீடு.

மதுரை விசுவநாத நாயக்கர் காலத்தில் அரியநாத முதலியார் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தார் என்று சொல்லப்படுகிறது. இராஜபாளையத்தைச் சுற்றியும் தெற்கேயும் சேத்தூர், சிவகிரி, கொல்லங்கொண்டான், நெற்கட்டும்செவல் என்று மேற்கு மலையடிவாரத்தில் வரிசையாய்ப் பாளையங்கள் இருந்தன. 1755-ல் கர்னல் ஹெரான் என்பவன் நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு சேர்ந்து படையெடுத்து வந்தபோது, நெற்கட்டும்செவல் புலித்தேவன் கப்பம் கட்ட மறுத்து நின்றான். அந்தப் படையெடுப்பில் நடந்த ஒரு சங்கதியைப் பக்தர்கள் அவசியம் தெரிந்துகொள்ளவேண்டும். மதுரைக்குப் பக்கத்தில் கோவில்குடிக் கோவிலில் இருந்த விக்கிரகங்களை ஹெரானின் ஆட்கள் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். சாமிகள் பேசாமல் மூட்டைக்குள் இருந்துகொண்டன. நத்தம் கணவாயில் கள்ளர்கள் வழிமறித்து அடித்து அந்த விக்கிரகங்களை மீட்டார்கள். சாமியைக் காப்பாற்றிய அந்தக் கூட்டத்தாரைத்தான் பின்னால் அதே வெள்ளைச் சர்க்கார் பிறவித் திருடர்கள் என்று எழுதி வைத்தது. சாமி அதற்கும் வாய் திறக்கவில்லை.

1761-ல் கும்பெனிக்காக நெற்கட்டும்செவலைப் பிடித்துக் கொடுத்தவன் யூசுப்கான் என்னும் தமிழ்நாட்டுச் சிப்பாய்த் தலைவன். மூன்று வருஷத்திற்குள் அவனே கும்பெனிக்கும் நவாபுக்கும் ஆகாதவனாகி, 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டான். 1783-ல் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியையும் சிவகிரியையும் தாக்கினான். 1799-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். அவனைப் பிடித்துக் கொடுத்தவன் புதுக்கோட்டைத் தொண்டைமான். சண்டையில் கும்பெனிக்கு உதவியவன் எட்டயபுரத்தான். பிறகு கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு பிறந்தது. 1801-ல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பிப் பாஞ்சாலங்குறிச்சியை மறுபடியும் கட்டி நின்று, மே மாதம் 24-ந் தேதி அதையும் இழந்தான். அதே வருஷம் அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். 1802-ல் மிச்சம் இருந்தவர்களில் 73 பேரைக் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள்.

இனி அப்பாச்சிகளுக்குத் திரும்புவோம். 1861-ல் காணாமற்போன ஒரு பையனைக் கடத்தியதாக, அதைச் செய்யாத கொச்சீஸ் என்னும் தலைவன்மேல் ஒரு சின்ன ராணுவ அதிகாரி பழி போட்டான். பேச்சுக்கு என்று கூப்பிட்டுப் பிடிக்கப் பார்த்தான். அதன் பலன் பதினொரு வருஷத்து யுத்தம். 1863-ல் மங்காஸ் கொலராடாஸ் என்னும் கிழத் தலைவனைச் சமாதானம் பேசலாம் வா என்று அழைத்துக் கைதியாக்கி, காவலிலேயே சுட்டுக் கொன்றார்கள். கொன்றதோடு விடவில்லை. தலையை வெட்டி, வேகவைத்து, மண்டை ஓட்டை அளந்து குணம் சொல்லுகிற ஒரு "சாஸ்திர"க்காரனிடம் அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் அதைப் பெரிய விஞ்ஞானம் என்று படித்தவர்களே நம்பினார்கள். மண்டையைத் தடவிப் பார்த்துக் குணம் சொல்லுகின்ற அந்த வித்தைக்கும், நம் நாட்டில் தலையெழுத்து என்றும், சாமுத்திரிகா லட்சணம் என்றும், ஜாதகம் என்றும் சொல்லிக் காசு வாங்குகின்ற வித்தைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். மனிதனுடைய யோக்கியதை அவன் பிறக்கும்போதே முடிந்துபோய்விட்டது என்பதுதானே இரண்டிற்கும் அடிப்படை?

1886 செப்டம்பர் 4-ந் தேதி ஜெரோனிமோ என்னும் தலைவன் கடைசியாகச் சரணடைந்தான். பெண்டு பிள்ளைகளைச் சேர்த்தும் அப்போது அவனோடு இருந்தவர்கள் நாற்பது பேருக்கும் குறைவு. அவர்களைப் பிடிக்க அமெரிக்க சர்க்கார் நிறுத்தியிருந்த சிப்பாய்கள் ஏறக்குறைய 5000 பேர். சரணடைந்த பிறகு அவன் கூட்டத்தார் முழுவதையும், அதாவது சண்டையே போடாமல் ஒதுக்கிவிட்ட பூமியில் விவசாயம் செய்துகொண்டிருந்தவர்களையும் சேர்த்து, ரயிலேற்றிப் பல நூறு காதத்திற்கு அப்பால் புளோரிடாவுக்கு யுத்தக் கைதிகளாக அனுப்பினார்கள். அதில் மிகவும் கவனிக்கவேண்டியது, ஜெரோனிமோவைத் தேடிப் பிடிக்க அமெரிக்கப் பட்டாளத்துக்கு வழிகாட்டியாக வேலை செய்த அப்பாச்சிகளையும் அதே ரயிலில்தான் ஏற்றினார்கள் என்பது. யூசுப்கான் கதைதான்! இருபத்தேழு வருஷம், 1913 வரையில், அவர்கள் கைதிகள். கைதியாகப் பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்களும் உண்டு. ஜெரோனிமோ 1909-ல் கைதியாகவே செத்தான். அதற்கு முன், 1905-ல் அந்நாட்டுத் தலைவர் பதவியேற்ற ஊர்வலத்தில் அவனைக் குதிரைமேல் ஏற்றிக் காட்சி காட்டினார்கள்.

இன்று அந்தப் பெயரில் யுத்த ஹெலிகாப்டர் இருக்கிறது. அதை நம்முடைய இந்திய விமானப்படையும் 2019-ல் சேர்த்துக்கொண்டது. மோட்டார் சைக்கிளும் இருக்கிறது. உயிரோடு இருந்தபோது பூமியைப் பிடுங்கிக்கொண்டு, செத்த பிறகு பெயரைப் பெருமையாக வைப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம்தான். செத்தவன் பட்டா கேட்கமாட்டான் அல்லவா?

நிற்க. நாம் முக்கியமாகச் சொல்ல வந்த சங்கதி 1871-ம் வருஷத்தைப் பற்றியது.

அந்த வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி விடியற்காலம், அரிசோனாவில் கேம்ப் கிராண்ட் என்னும் ராணுவ முகாமின் பக்கத்தில், சமாதானமாக வந்து தங்கி, பட்டாளத்துக் குதிரைகளுக்குப் புல் அறுத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த அப்பாச்சிகளை ஒரு கும்பல் சூழ்ந்து கொன்றது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. கும்பல் வந்தது டூசான் என்னும் பட்டணத்திலிருந்து. வழக்கு நடந்தது. ஜூரிகள் பத்தொன்பது நிமிஷம் யோசித்து, எல்லோரும் நிரபராதிகள் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு மாட்டுத் திருட்டு வழக்குக்குக்கூட இன்னும் கொஞ்சம் அதிக நேரம் ஆகும்.

அதே 1871-ம் வருஷம் அக்டோபர் மாதம், இந்தியாவில் வெள்ளைச் சர்க்கார் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒரு சட்டத்தைச் செய்தது. அந்தச் சட்டத்துக்கு அவர்கள் சொன்ன நியாயம் என்ன தெரியுமா? இந்த நாட்டில் தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி. தொழில் ஜாதிப்படி வருகிறது. ஆகையால் திருடன் மகனும் திருடனாகத்தான் இருப்பான், அவன் ஜாதியே திருட்டு ஜாதி என்பதுதான். இந்த யோசனையை வெள்ளைக்காரன் தன் நாட்டிலிருந்தா கொண்டுவந்தான்? இல்லை. வருணாசிரமத்தைப் பார்த்து, அதை மெய்யென்று நம்பி, அதற்கு ஒரு போலீஸ் ஸ்டேஷன் கட்டிக் கொடுத்தான். மனு தொட்டு எழுதிய மையிலேயே தொட்டு எழுதினான். ஆகவே, "குற்றப்பரம்பரைச் சட்டம் வெள்ளைக்காரன் செய்த கொடுமை" என்று சொல்லிவிட்டு, ஜாதியை மட்டும் நம்முடைய புராதன நாகரிகம் என்று கொண்டாடுகிறவன், வேரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு முள்ளைத் திட்டுகிறவன் ஆவான்.

1911-ல் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பாளையங்களை ஒழித்துக் காவல் உரிமையைப் பிடுங்கியதனால் பிழைப்பு இழந்தவர்கள் யாரோ, அவர்கள் பேரன்களே அந்தச் சட்டத்தில் அகப்பட்டார்கள். பிரமலைக் கள்ளர், மறவரில் சில பிரிவார், குறவர் என்று ஜாதி ஜாதியாய்ப் பதிவு செய்தார்கள். பிறந்த குற்றத்துக்காகக் கைரேகை வைக்கவேண்டும். ராத்திரியில் வீட்டில் பெண்டாட்டி பிள்ளையோடு படுக்காமல் சாவடியில் வந்து படுக்கவேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்கவேண்டும். அமெரிக்காவில் சான் கார்லோஸ் என்னும் ஒதுக்கிடத்தில் அப்பாச்சிகளின் கழுத்தில் நம்பர் போட்ட பித்தளை வில்லை தொங்கிற்று. இங்கே கட்டைவிரலில் மை. அவ்வளவுதான் வித்தியாசம்.

1920-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்கமாட்டோம் என்று நின்ற ஜனங்கள்மேல் போலீசார் சுட்டார்கள். பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த மாயாக்காள் என்னும் பெண்ணும் அவர்களில் ஒருவள். அந்த ஜனங்கள் கேட்டதெல்லாம், "குற்றம் செய்தவனைப் பிடி, பிறந்தவனைப் பிடிக்காதே" என்பதுதான். இதைவிடப் பெரிய பகுத்தறிவுப் பிரசங்கம் என்ன இருக்கிறது?

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல் ரத்தாயிற்று. தேசம் முழுவதும் 1952 ஆகஸ்டு 31-ந் தேதி நீங்கிற்று. அப்போது அதில் கட்டுண்டிருந்தவர்கள் 127 ஜாதிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் பேர் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. ஆனால், சட்டம் போன வேகத்தில் அந்தப் புத்தி போகவில்லை. 1948-லேயே வழக்கக் குற்றவாளிகள் சட்டம் என்று ஒன்று சென்னையில் வந்தது. சிறைச்சாலை விதிகளில் இன்ன ஜாதிக்கு இன்ன வேலை என்றும், இன்ன கூட்டத்தாருக்குத் தப்பி ஓடும் குணம் உண்டு என்றும் எழுதியிருந்ததைச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2024-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி. சட்டம் போய் எழுபத்திரண்டு வருஷம் கழித்து! ஜாதி சிறைக்குள்ளும் சம்பளமில்லாத வார்டராய் வேலை பார்த்து வந்திருக்கிறது.

இனி நம் வாலிபருக்குச் சற்று கசப்பான சங்கதி ஒன்றையும் சொல்லவேண்டும். கேம்ப் கிராண்டில் கொலை செய்த கும்பலில் வெள்ளைக்காரர்கள் ஒரு கை விரல்களுக்குச் சற்றே மேற்பட்டவர்கள்தான். மற்றவர்கள் ஏழை மெக்சிகோக்காரர்களும், அப்பாச்சிகளோடு பழைய பகை கொண்ட இன்னொரு செவ்விந்தியக் கூட்டத்தாருமே. துப்பாக்கி கொடுத்தவன் ஒருவன். சுட்டவனும் செத்தவனும் ஒரே தரத்து ஏழைகள். இங்கே மாத்திரம் என்ன வாழ்கிறது? 1899 ஜூன் மாதம் 6-ந் தேதி சிவகாசியில் நடந்தது என்ன? நாடார்கள் கோவிலுக்குள் போகக் கேட்டார்கள் என்பதற்காக, ஆயிரக்கணக்கான மறவர்களும் அவர்களோடு சேர்ந்த மற்ற ஜாதியாரும் திரண்டுபோய் ஊரைக் கொளுத்திக் கொள்ளையடித்தார்கள். கும்பெனிக்காரன் கோட்டையை இடித்தபோது கோட்டையை இழந்தவன் பேரன், நூறு வருஷத்திற்குள் பனையேறியின் வீட்டை இடிக்கப் போனான். கோவில் கதவுக்குள் தாராளமாய் இருந்தவன் வேடிக்கை பார்த்தான். பிறகு பனிரெண்டு வருஷத்தில் குற்றப்பரம்பரைச் சட்டம் இந்த மாகாணத்துக்கு வந்தபோது, எந்தக் கோவிலைக் காப்பாற்றப் போனார்களோ அந்தக் கோவிலும் அதன் ஐதீகமும் இவர்களைக் காப்பாற்ற வரவில்லை.

பாளையக்காரர்கள் யோக்கியர்கள், குற்றமற்றவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களும் குடியானவனிடம் வரி கறந்தார்கள். காவல் கூலி என்று கட்டாயம் வாங்கினார்கள். ஒருவர் எல்லையில் ஒருவர் புகுந்து கொள்ளையடித்தார்கள். அப்பாச்சிகளும் மெக்சிகோக் குடியானவர்களின் கிராமங்களைச் சூறையாடினார்கள். ஒரு பாவமும் அறியாத குடியேறிகளையும் கொன்றார்கள். உண்மையை மறைத்துப் பெருமை பேசுவது புராணிகர் வேலை, நமக்கு வேண்டாம். நாம் கேட்பதெல்லாம், ஒருவன் செய்ததற்காக அவன் கூட்டம் முழுவதையும், பிறக்கப் போகும் பிள்ளைகளையும் சேர்த்துத் தண்டிக்க எந்த நியாயம் இடங்கொடுக்கிறது என்பதுதான்.

"அவர்கள் சண்டைக்காரர்கள், அதனால்தான் வெளியேற்றினோம்" என்று அங்கேயும் இங்கேயும் சொல்லப்பட்டதல்லவா? அது சுத்தப் பொய் என்பதற்கு அத்தாட்சி நம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலைமேலேயே இருக்கிறது. செண்பகத்தோப்பிலும், இராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் பக்கத்திலும் குடியிருக்கும் பளியர்கள் யாரோடு யுத்தம் செய்தார்கள்? மதுரைச் சீமையின் மலைப்பக்கங்களில் 1960-களில் பளியர்களோடு தங்கி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பீட்டர் கார்டுனர் என்பவர், சண்டை வந்தால் ஒதுங்கிப் போய்விடுவதும், ஒருவர்மேல் ஒருவர் அதிகாரம் செலுத்தாமல் இருப்பதுமே இவர்கள் வாழ்க்கை முறை என்று எழுதியிருக்கிறார். தேன் எடுத்தார்கள், கிழங்கு தோண்டினார்கள், ஒருவரையும் அடித்ததில்லை. அவர்களுக்காவது பூமி மிஞ்சிற்றா? 1882-ம் வருஷத்துச் சென்னை வனச்சட்டம் வந்தபின் காடு சர்க்காருடையதாயிற்று. 1988-ல் அதே மலை சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆயிற்று. 2021-ல் புலிகள் காப்பகம் ஆயிற்று. எதிர்த்து நின்ற அப்பாச்சிக்கும் பூமியில்லை. ஒதுங்கிப் போன பளியனுக்கும் பூமியில்லை. அப்படியானால் பூமி போனதற்குக் காரணம் அவன் குணமா, அல்லது அவனிடம் காகிதம் இல்லாததா?

அணிலும் புலியும் வாழவேண்டியதுதான். அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. மனிதன் அணிலுக்குக் கீழே போகக்கூடாது என்பதுதான் நம் ஆட்சேபணை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்தல புராணத்தையே பாருங்கள். அதை நாம் நம்பவில்லை, நம்புகிறவர்களுக்காகச் சொல்லுகிறோம். வில்லி, கண்டன் என்று இரண்டு வேடச் சகோதரர்கள். கண்டனைப் புலி அடித்துவிட்டது. வில்லி காட்டை அழித்துக் கோவிலும் ஊரும் கட்டினான். அவன் பெயரால் வில்லிபுத்தூர் என்று அந்தப் புராணமே சொல்லுகிறது. அப்படியானால், காடு யாருடையது? வேடனுடையது. காட்டை வெட்டியது யார்? வேடன். புலிக்கு இரையானது யார்? வேடன். பதினோரு நிலைக் கோபுரத்தில் வேடனுக்குக் கிடைத்த பங்கு என்ன? ஊரின் பெயரில் மூன்றெழுத்து! அமெரிக்காவிலும் ஆறுகளுக்கும் மலைகளுக்கும் செவ்விந்தியர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். பெயரை நீ வைத்துக்கொள், பூமியை நான் வைத்துக்கொள்ளுகிறேன் என்பது பெரிய தர்மமாய்ப் போயிற்று.

அன்றியும், இந்தக் கரிசல் பூமியில் குடியேறாதவன் யார் என்று கேட்கின்றோம். விஜயநகரத்தார் காலத்தை ஒட்டி வடக்கேயிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு வந்தவர்கள் எத்தனை ஜாதியார்! கிழக்கேயிருந்து, மேற்கேயிருந்து, மலை தாண்டி, ஆறு தாண்டி வந்தவர்கள் எத்தனை பேர்! எல்லோரும் ஒரு காலத்தில் வந்தவர்களே. வந்தவர்கள் சேர்ந்துதான் கிணறு வெட்டினார்கள், பருத்தி விளைத்தார்கள், மில் கட்டினார்கள். இதில் ஆண்ட பரம்பரை எது, அடிமைப் பரம்பரை எது? வம்சாவளி பார்த்து விலை பேசுவது இராஜபாளையம் நாய்க்குச் சரி. அதுவும் விற்கிறவனுக்குத்தான் லாபமே தவிர நாய்க்கு ஒன்றுமில்லை. மனிதனுக்கும் அப்படித்தான். வாலிபன் கையில் கயிறு கட்டினால் வோட்டு வாங்குகிறவனுக்கு லாபம். சிலைக்கு வசூல் செய்கிறவனுக்கு லாபம். கட்டினவனுக்குக் கிடைப்பது போலீஸ் கேசும், ஆஸ்பத்திரிக் கட்டிலும்.

தோழர்களே! "இன்ன ஜாதியில் பிறந்தவன் பிறவிக் குற்றவாளி" என்று சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது, வரவேண்டியதுதான். "இன்ன ஜாதியில் பிறந்தவன் பிறவி வீரன்" என்று சொன்னால் மாத்திரம் ஏன் மார்பு விரிகிறது? இரண்டும் ஒரே காசின் இரண்டு பக்கமல்லவா? பிறப்பினால் வீரம் வருமானால் பிறப்பினால் திருட்டும் வரும். பிறப்பினால் திருட்டு வராது என்று பெருங்காமநல்லூரில் உயிரைக் கொடுத்தார்களே, அவர்கள் பேரன்மார் பிறப்பினால் பெருமை வரும் என்று கயிறு கட்டிக்கொண்டால், அன்று சுட்டவன் சொன்னதை இன்று இவர்களே ஒப்புக்கொண்டதாக ஆகாதா? அன்றைக்குச் சர்க்கார் பலவந்தமாய் விரலைப் பிடித்து மை தடவிற்று. இன்றைக்கு நாமே மணிக்கட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறோம்.

2023-ம் வருஷம் நாங்குநேரியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டியதை மறந்திருக்கமாட்டீர்கள். அதன்பேரில் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு கமிட்டி, பள்ளிப் பிள்ளைகள் ஜாதிக் கயிறு கட்டக்கூடாது என்பது உள்படப் பல யோசனைகளை 2024 ஜூன் மாதம் சர்க்காருக்குக் கொடுத்தது. அப்போதும் சிலர், "கயிறு எங்கள் மதச் சின்னம், கை வைக்காதே" என்று கூச்சல் போட்டார்கள். பிள்ளையின்மேல் அரிவாள் விழுந்தபோது அந்த மதம் கூச்சல் போட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

ஆகையால் நாம் வேண்டுவது இவைதான். இந்தக் கயிற்றைப் பள்ளிக்கூட வாசலிலேயே அறுக்கவேண்டும். வாத்தியார்களும் தங்கள் மனதில் உள்ள கயிற்றை முதலில் அறுத்துக்கொள்ளவேண்டும். பாளையக்காரர் யுத்தத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது, இன்ன ஜாதி வீரன் என்று சொல்லாமல், கடனுக்காக ஜனங்களைக் கேட்காமல் பூமியை விற்ற கதை என்று சொல்லிக் கொடுக்கவேண்டும். பெருங்காமநல்லூரை ஒரு ஜாதியார் மாலை போடும் இடமாக விட்டுவிடாமல், பிறப்பினால் மனிதனைத் தீர்மானிக்கக்கூடாது என்று நினைக்கிற எல்லோரும் போகும் இடமாக்கவேண்டும். 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் பளியர்களுக்குக் கொடுத்த உரிமை எந்தக் குடியிருப்பில் இன்னும் காகிதமாகக் கைக்கு வரவில்லையோ, அங்கெல்லாம் ஆண்ட பரம்பரை என்று பேசுகிற வாலிபர்கள் போய், அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, தாலுகா ஆபீசுக்குக் கூடவே நடக்கவேண்டும். வீரத்தைக் காட்ட அதைவிட நல்ல இடம் இந்த ஜில்லாவில் இல்லை.

அன்று டீக்கடையில் அந்த வாலிபர்களிடம் இதில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. பஸ் வந்துவிட்டது. நாம் ஏறும்போது திரும்பிப் பார்த்தோம். வண்டிக்காரப் பிள்ளை டாங்கியில் எழுதியிருந்த பெயரை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு கையில் அப்படியேதான் இருந்தது. ஒரே நாளில் போகுமென்று நாமும் எதிர்பார்க்கவில்லை. ஆனால், தள்ளி நின்ற மூன்றாவது பையன் இன்னும் பைக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டிருந்தான். சத்திரப்பட்டியில் நெய்யும் காயத்துணி எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அந்தத் துணி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே வேண்டிவராமல் இருக்கவேண்டுமானால், அந்தப் பையன் கையைப் பயமில்லாமல் வெளியே எடுக்கும் காலம் வரவேண்டும். அப்படி எடுக்கும்போது அந்தக் கையிலும் கயிறு இருக்கக்கூடாது, எதிரில் நிற்பவன் கையிலும் இருக்கக்கூடாது. அதுதான் சுயமரியாதை. மற்றதெல்லாம் கலர்தான்.